‘ங்கள்’ எங்கே போகிறது?

இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்திருக்கும் என் மாணவி, வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்தாள். குரல் கம்மியிருந்தது. அவளுடைய வார்டில் எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி இருந்தார். பார்க்க வருவோர் யாரும் இல்லை. இரவுப் பணி முடிந்து கிளம்பும்போது இவள் அவருடைய கையைப் பிடித்து, “ஐ வில் கம், ஓகே?” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த மூன்று நாட்கள் அவளுக்கு விடுமுறை. திரும்பிப் போனபோது உடன் வேலை செய்பவர் சொல்லியிருக்கிறார்: அன்றைக்கு முழுவதும் அந்த அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். காலை உணவை வைத்தபோது, “அந்தப் பெண் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், வரட்டும்” என்று தட்டை நகர்த்திவிட்டாராம்.

“டீச்சர், நான் பொய் சொல்லிவிட்டேனா?” என்று கேட்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை. நாகர்கோவிலில் அவளுடைய வீட்டிலும் தெருவிலும் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வாசற்படி இறங்கமாட்டார்கள். ‘போய்விட்டு வருகிறேன்’ என்றோ, சுருக்கமாக ‘வருகிறேன்’ என்றோதான் சொல்வார்கள். ‘போகிறேன்’ என்று சொன்னால் பாட்டிமார் அதட்டுவார்கள். அந்த ‘வருகிறேன்’ திரும்பி வரும் நாளையோ நேரத்தையோ குறிக்கும் வாக்குறுதி ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். அது விடைபெறும் செயல். அந்தச் செயலை அவள் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினாள். சொற்கள் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தன, செயல் இங்கேயே தங்கிவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு வாக்குறுதி மட்டும்.

அவளுக்கு இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். ‘ஐ வில் கம்’ என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. என் சிவப்பு மையால் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் மாலை வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் செவிலியர் படிப்பு முடித்த பெண்கள், சில ஆண்கள். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். மருத்துவத் துறையினருக்கென்றே ‘ஓஇடி’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவானது, பிரிட்டனின் செவிலியர் மன்றமும் ஏற்றுக்கொள்வது. அதில் பேச்சுத் தேர்வு என்பது இரண்டு நாடகங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம். தேர்வாளர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ இருப்பார், இவர்கள் செவிலியராகப் பேச வேண்டும். உச்சரிப்பு, சரளம், இலக்கணம் போன்ற மொழித்திறன்களோடு முன்பு மதிப்பெண் முடிந்துவிடும். 2018 முதல் வேறு சிலவற்றையும் பார்க்கிறார்கள்: நோயாளியோடு உறவை எப்படித் தொடங்குகிறார், நோயாளியின் கோணத்தைக் கேட்டறிகிறாரா, சொல்வதைப் புரிந்துகொண்டாரா என்று சோதிக்கிறாரா. அந்த மாற்றம் வந்தபோது பயிற்சி வகுப்புகள் பலவும் அதற்கென்று மனப்பாட வாக்கியங்களை அச்சடித்துக் கொடுத்தன. நானும் கொடுத்தேன். அது தவறு என்று இன்று எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் நோயாளியிடம் மரியாதைக் குறைவாக நடப்பவர்கள் அல்லர். “உட்காருங்கள் அம்மா”, “கையைக் கொஞ்சம் நீட்டுங்கள் ஐயா” என்று நாள் முழுவதும் சொல்லிப் பழகியவர்கள். ஆனால் நாடகத்தில் தேர்வாளரைப் பார்த்து “சிட். ஷோ யுவர் ஹேண்ட். டெல் மீ யுவர் பிராப்ளம்” என்பார்கள். கேட்கும்போது சிப்பாய் ஒருவர் கட்டளையிடுவதுபோல இருக்கும். அவர்களுடைய முகத்தைப் பார்த்தால் அப்படி இருக்காது. முகத்தில் கனிவு நிரம்பியிருக்கும். பிறகு அந்தக் கனிவு வாக்கியத்தில் ஏறாமல் எங்கே நிற்கிறது?

நான் இதைப் பல நாட்கள் யோசித்தேன். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ‘உட்கார்’ என்பதோடு ‘உங்கள்’ சேர்ந்தால் போதும், ஏவலே உபசாரம் ஆகிவிடும். மீதி மரியாதை அம்மா, ஐயா, அக்கா, அண்ணே என்ற உறவுச் சொல்லில் இருக்கிறது. இன்னும் மீதி இருந்தால் அது ‘நீங்கள்’ என்பதில். ஆங்கில வினைச்சொல்லுக்கு இந்த வால் கிடையாது. ‘யூ’ என்பது எல்லாருக்கும் ஒன்று. முன்பின் தெரியாத ஒருவரை ‘மதர்’ என்று அழைக்க முடியாது. ஆக, “உட்காருங்கள் அம்மா” என்பதை மாணவி மொழிபெயர்க்கும்போது ‘ங்கள்’ விழுந்துவிடுகிறது, ‘அம்மா’ விழுந்துவிடுகிறது, எஞ்சுவது ‘சிட்’. ஏதோ குறைகிறது என்று அவளுக்கே தோன்றுவதால் ஒரு ‘ப்ளீஸ்’ சேர்க்கிறாள். “சிட், ப்ளீஸ்.” அதுவும் கட்டளைதான், இஸ்திரி போட்ட கட்டளை.

ஆங்கிலம் தன் மரியாதையை வாக்கியத்தின் கட்டுமானத்தில் வைத்திருக்கிறது. ஏவலைக் கேள்வியாக்குகிறது. கேள்வியையும் இறந்தகால வடிவத்துக்குத் தள்ளுகிறது: ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’ இதமானது. ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ என்று தொடங்கினால், நான் இப்போது கேட்கவில்லை, கேட்கலாமா என்று முன்பு யோசித்துக்கொண்டிருந்தேன் என்று பொருள்; மறுக்கிறவருக்கு மறுக்க இடம் விடுகிறார்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருத்தி உடனே, “நாமும் ‘ஒரு உதவி கேட்கலாம் என்று வந்தேன்’ என்றுதானே சொல்கிறோம் டீச்சர்? வந்து எதிரில் நின்றுகொண்டே வந்தேன் என்கிறோம்” என்றாள். எனக்கு இருபது ஆண்டுகளாகத் தோன்றாதது அது.

அதேபோல்தான் ‘கொஞ்சம்’. “கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்” என்பதில் கொஞ்சம் என்பது அளவு அல்ல. எவ்வளவு தள்ள வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதன் கூர்மையை மழுக்க வந்த சொல் அது. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இந்த வேலையை ‘ஜஸ்ட்’ செய்கிறது, கூடவே ‘பாப்’ என்றொரு வினையும் செய்கிறது. “கேன் யூ ஜஸ்ட் பாப் அப் ஆன் த பெட் ஃபார் மீ?” அங்கே செவிலியர்கள் நாள் முழுவதும் இப்படித்தான் பேசுகிறார்கள். கட்டிலில் ஏறிப் படுங்கள், சட்டையைக் கழற்றுங்கள், கையை நீட்டுங்கள் எல்லாமே ‘பாப்’தான். பாடநூல் ‘பாப்’ என்றால் வெடிப்பது என்கிறது. நோயாளியின் உடலைத் தொட வேண்டிய நேரத்தில், அவருடைய ஆடையைக் களைய வேண்டிய நேரத்தில், அதை ஒரு சின்ன விஷயம்போல ஆக்கிக் கூச்சத்தைக் குறைக்கும் சொல் அது. ‘பாப்’ என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் என்ன என்று கேட்டால், நான் ‘கொஞ்சம்’ என்றுதான் சொல்வேன். எந்த அகராதியும் ஒப்புக்கொள்ளாது.

மொழியியலில் இதைப் படிக்கும் துறை ஒன்று இருக்கிறது. பயன்வழியியல் என்று தமிழில் சொல்லலாம். சொல்லுக்கு என்ன பொருள் என்பதோடு நிற்காமல், இந்த இடத்தில் இவர் இவரிடம் இதைச் சொல்லி என்ன செய்கிறார் என்று கேட்கும் துறை. ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், பேசுவது என்பதே ஒரு வேலை செய்வதுதான் என்று விளக்கினார். வாக்குறுதி தருவது, மன்னிப்புக் கேட்பது, பெயர் சூட்டுவது எல்லாம் சொல்லாலேயே நடக்கும் செயல்கள். என் மாணவி ‘விடைபெறுதல்’ என்ற செயலைச் செய்யப் போய் ‘வாக்குறுதி’ என்ற செயலைச் செய்துவிட்டு வந்ததை ஆஸ்டினிடம் சொல்லியிருந்தால் அவர் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

1983இல் ஜென்னி தாமஸ் என்ற மொழியியல் அறிஞர் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு இன்னும் நெருக்கமானது. பண்பாடு கடந்த பேச்சில் ஏற்படும் இத்தகைய தவறுகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, எந்த வடிவம் எந்த வேலையைச் செய்யும் என்று தெரியாததால் வருவது. ரஷ்ய மொழியில் ‘கனேஷ்னா’ என்ற சொல் உற்சாகமான ‘ஆமாம்’. அதை ‘அஃப் கோர்ஸ்’ என்று ஆங்கிலமாக்கினால், “அந்த உணவகம் நன்றாக இருக்குமா?” என்று கேட்டவருக்கு “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்கும். ‘ஐ வில் கம்’ இந்த வகை. மற்றொன்று, யாரிடம் எதைக் கேட்கலாம், யாரை எப்படி அழைக்கலாம் என்ற வழக்கிலேயே வேறுபாடு இருப்பதால் வருவது. தலைமை மருத்துவரைப் பெயர் சொல்லி அழைக்கும்படி அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். என் மாணவிகள் பலருக்கு அது வாயில் வருவதில்லை. மொழி தெரியாததாலா? இல்லை. அவர்கள் வளர்ந்த ஒழுங்கு நாக்கைப் பிடித்து நிறுத்துகிறது. நம் ஊரில் ‘சிஸ்டர்’ என்றால் எந்தச் செவிலியரும் சிஸ்டர். அங்கே அது வார்டுக்குப் பொறுப்பான மூத்தவரின் பதவிப் பெயர். இதை ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பெயர் சொல்லி அழைப்பதை ஒரு நாளில் சொல்லிக்கொடுக்க முடியாது.

தாமஸ் அந்தக் கட்டுரையில் சொல்லும் ஒரு விஷயம் எல்லா ஆங்கில ஆசிரியர்களும் அறிய வேண்டியது. இலக்கணப் பிழை செய்தால் இவருக்கு மொழி இன்னும் சரியாக வரவில்லை என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். சரளமாகப் பேசி இந்த வகைப் பிழை செய்தால், இவர் மரியாதை தெரியாதவர் என்று நினைத்துக்கொள்கிறார். பழி மொழியின்மேல் விழாமல் ஆளின்மேல் விழுகிறது. நான் இலக்கணத்தை எவ்வளவுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தேனோ, அவ்வளவுக்கு என் மாணவிகளை இந்தப் பழிக்கு ஆளாக்கினேன். திக்கித் திணறிப் பேசியிருந்தால் மன்னித்திருப்பார்கள்.

ஆசிரியர்களுக்கு ஏன் இது கண்ணில் படுவதில்லை? பார்டோவி-ஹார்லிக், டோர்ன்யெய் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. ஹங்கேரியில் ஆங்கிலம் படிப்பவர்களுக்கும் அமெரிக்காவில் வாழ்ந்து ஆங்கிலம் படிப்பவர்களுக்கும் ஒரே காட்சிகளைக் காட்டினார்கள். சிலவற்றில் இலக்கணப் பிழை, சிலவற்றில் இடத்துக்குப் பொருந்தாமல் பேசும் வழக்குப் பிழை. ஹங்கேரியில் இருந்தவர்கள் இலக்கணப் பிழைகளைப் பெரிதாக மதித்தார்கள், அவர்களுடைய ஆசிரியர்களும் அப்படியே. அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு வழக்குப் பிழைகளே பெரிதாகத் தெரிந்தன. வகுப்பறைக்குள் மட்டும் வாழும் மொழியில் யாருக்கும் மனம் புண்படுவதில்லை, அதனால் அந்தக் காயம் கண்ணில் படுவதுமில்லை. என் சிவப்பு மை எங்கே பழகியது என்பது அதைப் படித்தபோது விளங்கியது.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். பணிவு பற்றி உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு பெனலோப் பிரௌன், ஸ்டீவன் லெவின்சன் இருவருடையது. 1978இல் நீண்ட கட்டுரையாக வந்து 1987இல் நூலானது. மூன்று மொழிகளின் பேச்சை வைத்து அவர்கள் அந்தக் கோட்பாட்டைக் கட்டினார்கள். ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவில் பேசப்படும் மாயன் மொழியான செல்டால். மூன்றாவது தமிழ், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் கேட்டுப் பதிவு செய்த தமிழ். கோவைக் கிராமத்து மக்கள் கடன் கேட்டதும், சாதி பார்த்து ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் அழைத்ததும் இன்று உலகத்து மொழியியல் வகுப்புகளில் பாடமாக இருக்கின்றன. அவர்களுடைய கோட்பாட்டின் மையச் சொல் ‘முகம்’. ஒவ்வொருவருக்கும் பேச்சில் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு முகம் இருக்கிறது, எந்தக் கோரிக்கையும் மறுப்பும் திருத்தமும் அந்த முகத்தைத் தொடுகிறது, அதனால்தான் சுற்றி வளைக்கிறோம் என்பது சாரம். இதை வகுப்பில் விளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ‘முகதாட்சண்யம்’ என்றேன். முகத்தில் அடித்தாற்போல் பேசுவது, முகம் கொடுத்துப் பேசுவது, முகம் சுண்டிப்போவது என்று மாணவிகளே அடுக்கினார்கள்.

அங்கிருந்து எனக்கு ஒரு வழி திறந்தது. பத்தாம் வகுப்பில் தமிழ் படித்த எல்லாருக்கும் ‘வினா ஆறு வகை, விடை எட்டு வகை’ என்பது நினைவிருக்கும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தது. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதி மறந்துபோன பட்டியல். நான் அதைக் கரும்பலகையில் எழுதி, நோயாளியிடம் “மாத்திரை சாப்பிட்டீர்களா?” என்று கேட்டால் என்னென்ன பதில் வரும் என்று கேட்டேன். வார்டில் வேலை பார்த்தவர்கள் ஆயிற்றே, கொட்டினார்கள். “சாப்பிடாமல் இருப்பேனா?” வினா எதிர் வினாதல். “நீயே சாப்பிட்டுப் பார்.” ஏவல். “ராத்திரி முழுக்க வாந்தி.” உற்றது உரைத்தல். “சாப்பிட்டால் தலை சுற்றும்.” உறுவது கூறல். “கஞ்சி குடித்தேன்.” இனமொழி, கேட்டதற்கு இனமான இன்னொன்றைச் சொல்வது. ஆம் என்றும் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் விடை தெரிந்துவிட்டது. கடைசி ஐந்தும் குறிப்பால் விடை தருவன, ஆனாலும் விடைகள்தான் என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது.

கேள்விக்கு நேரடியாகப் பொருந்தாத ஒன்று பதிலாக வரும்போது, அவர் ஒத்துழைத்துத்தான் பேசுகிறார் என்று நம்பி, சொல்லாத பொருளை நாம் எட்டுகிறோம் என்று பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967இல் ஹார்வர்டில் பேசினார். 1975இல் அது அச்சானது. கிரைஸை நான் மதிக்கிறேன். ஆனால் ‘இனமொழி’ என்ற ஒற்றைச் சொல்லில் எங்கள் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே கையில் இருந்தது. அதை வைத்துத்தான் ஆங்கிலத்துக்குப் போனோம். “டிட் யூ டேக் யுவர் டேப்லெட்ஸ்?” என்று கேட்டால் தேர்வாளர், “வெல், ஐ ஹாட் எ பிட் அஃப் சூப்” என்பார். முன்பெல்லாம் என் மாணவிகள் ‘ஓகே, குட்’ என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். இப்போது ஒருத்தி நிமிர்ந்து, “இனமொழி டீச்சர், சாப்பிடவில்லை” என்றாள். அந்த ‘வெல்’லையும் கவனிக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் இசைவான பதில் உடனே வந்துவிடும். மறுப்பு தாமதித்து, ஒரு ‘வெல்’லுக்குப் பின்னால், காரணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரும். நாமும் ‘இல்லை... அதாவது...’ என்று இழுப்போமே, அதுதான்.

தொல்காப்பியம் இன்னும் முன்னே போகிறது. ஈ, தா, கொடு மூன்றும் கேட்டுப் பெறும் சொற்கள். ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று. யார் யாரிடம் கேட்கிறார் என்பது சொல்லையே மாற்றும் என்பதை இலக்கணத்தில் எழுதிவைத்த மரபு நம்முடையது. இதைப் பெருமையாக மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. ‘இழிந்தோன்’ என்று ஒருவரை நிறுத்தித்தான் அந்த நுட்பம் வேலை செய்கிறது. என் வகுப்பிலேயே ஒரு பெண், துப்புரவுப் பணி செய்த தன் தாயை மருத்துவமனையில் யாருமே ‘ங்கள்’ போட்டு அழைத்ததில்லை என்றாள். அங்கே மருத்துவருக்கும் வார்டைத் துடைப்பவருக்கும் ‘யூ’ ஒன்றுதான் என்பதைக் கேட்டதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். மற்றவர்கள் எதை இழந்ததாக நினைத்தார்களோ அதை அவள் பெற்றதாக நினைத்தாள். மரியாதையைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் இதையும் காதில் வாங்க வேண்டும்.

எந்த முறையில் கற்பிப்பது என்ற பழைய சண்டை இங்கே வந்து நிற்கிறது. மொழிபெயர்ப்பு முறையில் ‘ங்கள்’ விழுவதைச் சொன்னேன். அதற்கு எதிராக வந்த நேர்முறை, 1878இல் அமெரிக்காவில் பெர்லிட்ஸ் தொடங்கிய பள்ளிகளால் பரவியது, தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்தியது. நம் ஊரில் அது ‘தமிழில் பேசினால் அபராதம்’ என்ற பலகையாக வந்து சேர்ந்தது. அப்படி ஒரு பலகை என் வகுப்பிலும் எட்டு ஆண்டுகள் தொங்கியது. நானே எழுதி மாட்டியது. தமிழை வெளியே நிறுத்தினால் மாணவி தமிழில் யோசிப்பதை நிறுத்துவதில்லை. யோசிப்பதை நமக்குக் காட்டுவதை நிறுத்திவிடுகிறாள். ‘வருகிறேன்’ அவள் மனத்தில் இருந்தது. நான் அதை வெளியே எடுத்துப் பார்க்க விட்டதே இல்லை.

பிறகு வாக்கிய அமைப்புப் பயிற்சி. அட்டவணையில் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சொல்வது. ‘முழு வாக்கியத்தில் பதில் சொல்’ என்று நம்மை வளர்த்தது இதுதான். “ஆர் யூ எ நர்ஸ்?” “எஸ், ஐ ஆம் எ நர்ஸ்.” உலகத்தில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. எழுபதுகளில் ஐரோப்பாவில் தொடங்கிய கருத்துப் பரிமாற்ற முறை, அழைத்தல், மறுத்தல், மன்னிப்புக் கேட்டல் என்று செயல்களைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. நல்ல மாற்றம். ஆனால் பாடநூல் உரையாடல்களில் எல்லாரும் முறை வைத்து, இடைவெளி விடாமல், குறுக்கிடாமல் பேசுவார்கள். ‘ம்’ கூடச் சொல்லமாட்டார்கள்.

இந்த வரிசையில் நம் பக்கத்தில் நடந்த ஒன்று எனக்குத் துணிவு தந்தது. ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடத்திய சோதனை. இலக்கணப் பாடவரிசையை எடுத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப்போல ஒரு வேலை கொடுத்தார். வேலையில் மனம் போகும்போது மொழி தானாக வளரும் என்பது அவர் நம்பிக்கை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு நடந்த அந்த முயற்சி பணிவழிக் கற்பித்தலின் முன்னோடியாக உலகெங்கும் பேசப்படுகிறது. 1990இல் அவரே, எல்லாருக்கும் பொதுவான சிறந்த முறை என்று ஒன்று ஏன் இல்லை என்று எழுதினார். ஆசிரியருக்குத் தான் செய்வது ஏன் பயன் தருகிறது என்ற உயிருள்ள புரிதல் வேண்டும், இயந்திரம்போலப் பின்பற்றப்படும் முறையே எதிரி என்பது அவர் கருத்து. அச்சடித்த மனப்பாட வாக்கியங்களை நான் தூக்கிப்போட்டது அதைப் படித்த வாரத்தில்தான்.

இப்போது வகுப்பில் என்ன நடக்கிறது? உண்மையான உரையாடலின் ஒலிப்பதிவை நாற்பது வினாடி போடுகிறேன். கேட்டதை அப்படியே எழுத வேண்டும்: இழுப்பு, மூச்சு, ‘ம்’, பாதியில் விட்ட சொல், இடைவெளி எல்லாம். இந்தப் பழக்கம் ஹார்வி சாக்ஸிடமிருந்து வந்தது. மனநல உதவி கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளை 1960களில் கலிஃபோர்னியாவில் கேட்டுக் கேட்டு, உரையாடல் ஆய்வு என்ற துறையையே தொடங்கியவர் அவர். அவர் பார்த்த ஓர் அழைப்பில் பணியாளர் தன் பெயரைச் சொல்கிறார். அப்படிச் சொன்னால் அழைத்தவரும் தன் பெயரைச் சொல்வது வழக்கம். ஆனால் இவர் ‘கேட்கவில்லை’ என்கிறார். பணியாளர் திரும்பச் சொல்ல, பெயர் சொல்ல வேண்டிய இடம் நழுவிப்போய்விடுகிறது. மறுக்காமலே மறுத்துவிட்டார். இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “உற்றது உரைத்தல்.”

பேச்சு கைமாறும் இடைவெளியையும் அளந்திருக்கிறார்கள். 2009இல் பத்து மொழிகளில் நடத்திய ஆய்வு, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் நேரம் பொதுவாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டது. என் மாணவிகள் அதைவிட நெடுநேரம் எடுத்துக்கொள்வார்கள், மனத்துக்குள் வாக்கியத்தைச் செப்பனிட்டுக்கொண்டு. அந்தச் செப்பனிடும் நேரம் எதிரில் இருப்பவருக்கு மறுப்பாகவோ தயக்கமாகவோ கேட்கும். “வில் ஐ பி ஆல்ரைட்?” என்று நோயாளி கேட்டபின் இரண்டு வினாடி மௌனம் என்பது மிகக் கொடிய பதில். அதனால் முதலில் சத்தம் கொடு, பிறகு வாக்கியம் வரட்டும் என்கிறேன். பெரியவர் பேசும்போது வாய் திறக்காமல் கேட்பதே மரியாதை என்று வளர்ந்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டினீர்களே, அதைச் செய்யுங்கள் என்றேன். உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். இந்தச் செயலுக்கென்று தனி வினையே வைத்திருக்கும் மொழியில் பிறந்தவர்கள் நாம். அன்றைக்கு நாடகத்தில் ‘ம்ம்’, ‘ரைட்’, ‘ஓ டியர்’ எல்லாம் இடமறிந்து விழுந்தன.

காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் “யூ ஆல்ரைட்?” என்று கேட்கிறார்களே, என் முகத்தில் நோய் தெரிகிறதா என்று இன்னொரு மாணவி கேட்டிருந்தாள். முதுகுவலியைப் பற்றி விளக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறாள். அதற்கு நான் கொடுத்த விடை ஒரே சொல்: “சாப்பிட்டாயா?” அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

போன வாரம், அந்த மூதாட்டியின் கதையைப் பெயர் சொல்லாமல் வகுப்பில் சொன்னேன். பணி முடிந்து கிளம்புகிறீர்கள், மூன்று நாட்கள் வரமாட்டீர்கள், என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். கட்டுமானம் எல்லாருக்கும் இப்போது தெரியும். கிளம்பும் முன் ‘ரைட் தென்’ என்று ஒரு முன்னறிவிப்பு. நான் இனி வெள்ளிக்கிழமைதான், அதுவரை இன்னொருவர் உங்களைப் பார்த்துக்கொள்வார் என்று தெளிவாக. வேறு ஏதாவது வேண்டுமா என்று ஒரு கேள்வி. ‘டேக் கேர்.’ நன்றாகவே சொன்னார்கள். இலக்கணமும் சரி, இதமும் சரி. ஆனால் முன்வரிசையில் இருந்த ஒருத்தி எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின்னும் உட்கார்ந்தே இருந்தாள். நோயாளியாக நடித்தவளின் கையை விடவில்லை.

“முடிந்ததா?” என்றேன்.

“எல்லாம் சொல்லிவிட்டேன் டீச்சர்” என்றாள். “ஆனால் வருகிறேன் என்று சொல்லாமல் எப்படி எழுந்து போவது?”

யாருக்கும் பதில் தெரியவில்லை. மணி எட்டரை ஆகியிருந்தது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வாசலில் நின்று, “வருகிறேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.